அடிபந்தாட்ட மட்டையின் மூலப்பொருட்கள்

பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தில், எறியப்படும் பந்தை அடிக்கப் பயன்படும் உருண்டையான தடியே அடிபந்தாட்ட மட்டை ஆகும். இதன் வடிவம் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பெரிதாக மாறவில்லை. ஆனால் மட்டை செய்யப்படும் பொருள் பலமுறை மாறியுள்ளது. ஹிக்கரி, ஆஷ், மேப்பிள் ஆகிய மரங்களும், அலுமினியக் கலப்புலோகங்களும், கார்பன் இழைக் கூட்டுப்பொருட்களும் அடுத்தடுத்து மட்டைக்கு வந்துள்ளன.

"வலிமையான மட்டை" என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. எளிதில் உடையாத மட்டை என்பது ஒன்று. பந்தை அதிக வேகத்தில் திருப்பி அனுப்பும் மட்டை என்பது மற்றொன்று. முதல் வகை வலிமை, மட்டை சிதறுவதால் ஏற்படும் விபத்துகளைக் குறைக்கிறது. இரண்டாம் வகை வலிமை ஓர் எல்லையைத் தாண்டினால், எதிரே நிற்கும் எறிவாளருக்கு ஆபத்தாகிறது. மட்டைகளின் வளர்ச்சியையும் அவற்றைக் கட்டுப்படுத்தும் விதிகளையும் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு உதவும்.

விதிமுறைகள்

அமெரிக்காவின் மேஜர் லீக் போட்டிகளில் மட்டை ஒரே துண்டான திண்ம மரத்தால் செய்யப்பட்டிருக்க வேண்டும். அதன் நீளம் 42 அங்குலத்துக்கு மிகக்கூடாது. மிகத் தடித்த இடத்தில் விட்டம் 2.61 அங்குலத்துக்கு மிகக்கூடாது. முன்னர் இந்த உச்ச வரம்பு 2.75 அங்குலமாக இருந்தது. இன்றைய தொழில்முறை வீரர்களின் மட்டை பெரும்பாலும் 880 முதல் 940 கிராம் வரை எடையுள்ளது.

பள்ளி, கல்லூரி, சிறுவர் போட்டிகளில் உலோக மட்டைகளும் கூட்டுப்பொருள் மட்டைகளும் அனுமதிக்கப்படுகின்றன. எனவே புதிய பொருட்கள் குறித்த ஆய்வுகளும் சர்ச்சைகளும் பெரும்பாலும் இளம் வீரர்களின் ஆட்டங்களைச் சுற்றியே அமைந்துள்ளன.

துடுப்பாட்டத்திலும் இதே நிலையைக் காணலாம். 1979 டிசம்பரில் பெர்த் நகரில் நடந்த டெஸ்ட் போட்டியில் ஆஸ்திரேலிய வீரர் டெனிஸ் லில்லி அலுமினிய மட்டையுடன் களமிறங்கினார். அதன்பின் துடுப்பாட்ட மட்டையின் அலகு மரத்தால் மட்டுமே செய்யப்பட வேண்டும் என விதி வகுக்கப்பட்டது.

மோதலின் இயற்பியல்

அடிபந்தாட்டப் பந்தின் நிறை 142 முதல் 149 கிராம் வரை இருக்கும். மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அது ஏறத்தாழ 0.7 மில்லிநொடி ஆகும். 145 கிராம் நிறையுள்ள பந்து நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வந்து, அடிபட்டு, எதிர்த்திசையில் நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதன் திசைவேக மாற்றம் நொடிக்கு 85 மீட்டர். உந்த மாற்றத்தைத் தொடுகை நேரத்தால் வகுத்தால் சராசரி விசை 17,600 நியூட்டன் எனக் கிடைக்கிறது. இது சுமார் 1,800 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம். மோதலின் நடுக்கணத்தில் விசையின் உச்சம் இதைவிடவும் அதிகம்.

இவ்விசையால் பந்து வெகுவாக நசுங்குகிறது. பந்தின் உள்ளே தக்கையும் ரப்பரும் கொண்ட மையமும், அதைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றப்பட்ட நூலும் உள்ளன. பந்து நசுங்கி மீளும்போது இவற்றுக்கிடையே உராய்வு ஏற்பட்டு ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக மாறுகிறது. அசையாத கடினமான பரப்பில் மோதி மீளும் பந்தின் மீட்சியளிப்புக் குணகம் ஏறத்தாழ 0.5 ஆகும். ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், மோதல் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கு மட்டுமே திரும்பக் கிடைக்கிறது.

மட்டையும் இம்மோதலில் வளைந்து அதிர்கிறது. மர மட்டையின் முதல் வளைவு அதிர்வின் அதிர்வெண் ஏறத்தாழ 170 ஹெர்ட்சு. இந்த அதிர்வு ஏற்படாத கணு ஒன்று மட்டையின் தடித்த முனையிலிருந்து சுமார் 15 முதல் 17 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. அதனருகே பந்து பட்டால் கையில் அதிர்வு தெரியாது, பந்தும் வேகமாகச் செல்லும். கைப்பிடிக்கு அருகிலோ முனையின் ஓரத்திலோ பட்டால் மட்டை பலமாக வளையும். மர மட்டைகள் பெரும்பாலும் அவ்வாறான அடிகளில், மெல்லிய கைப்பிடிப் பகுதியிலேயே முறிகின்றன.

ஹிக்கரியிலிருந்து ஆஷ் வரை

தொடக்ககால மட்டைகளுக்கு ஹிக்கரி மரம் அதிகமாகப் பயன்பட்டது. அது மிகவும் உறுதியானது, எளிதில் உடையாதது, ஆனால் கனமானது. பேப் ரூத் போன்ற வீரர்கள் 40 அவுன்சுக்கும் (சுமார் 1.13 கிலோகிராம்) அதிக எடையுள்ள மட்டைகளைப் பயன்படுத்தினர். எறிவின் வேகம் கூடியபோது மட்டையைச் சட்டெனச் சுழற்றுவது முதன்மையானது. பந்தின் வேகத்தை உயர்த்துவதில் மட்டையின் எடையைவிட அதன் சுழல் வேகத்துக்கே பங்கு அதிகம் என்பதை வீரர்கள் அனுபவத்தில் கண்டனர். இதனால் ஹிக்கரியின் இடத்தை வெள்ளை ஆஷ் மரம் பிடித்தது.

ஆஷ் மரம் வளையத் துளைக் கட்டை வகையைச் சேர்ந்தது. வசந்த காலத்தில் உருவாகும் பெரிய சைலக்குழாய்கள் ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் ஒரே வரிசையாக அமைகின்றன. கோடையில் உருவாகும் கட்டை அடர்த்தியாக இருக்கும். இந்த அமைப்பால் ஆஷ் மரம் இலகுவாகவும் வளைந்துகொடுக்கும் தன்மையுடனும் இருக்கிறது. ஆனால் தொடர்ந்து அடிபடும்போது வளையங்களுக்கிடையே உள்ள நலிந்த பகுதி நசுங்கி, மேற்பரப்பு செதில்செதிலாக உரியத் தொடங்கும். மட்டையின் ஆயுள் முடிவதை இது முன்கூட்டியே காட்டிவிடும்.

மேப்பிள் மட்டைகளின் எழுச்சி

கனடாவின் ஒட்டாவா நகரைச் சேர்ந்த தச்சர் சாம் ஹோல்மன் 1990களின் பிற்பகுதியில் மேப்பிள் மரத்தில் மட்டைகளைச் செய்து தொழில்முறை வீரர்களிடம் கொண்டுசேர்த்தார். 2001ஆம் ஆண்டில் பாரி பாண்ட்ஸ் மேப்பிள் மட்டையால் 73 ஹோம் ரன்களை அடித்து, ஒரே பருவத்துக்கான சாதனையைப் படைத்தார். அதன்பின் மேப்பிள் மட்டைகள் வேகமாகப் பரவின.

மேப்பிள் பரவல் துளைக் கட்டை வகையைச் சேர்ந்தது. இதில் சைலக்குழாய்கள் சிறியவை. அவை வளையம் முழுவதும் சீராகப் பரவியிருக்கும். எனவே இதன் மேற்பரப்பு ஆஷைவிடக் கடினமானது, செதிலாக உரிவதில்லை. ஆனால் இந்த நன்மையோடு ஒரு தீமையும் சேர்ந்து வந்தது. மேப்பிள் மட்டைக்குள் உருவாகும் விரிசல் வெளியே தெரிவதில்லை. முறியும்போது அது திடீரென இரண்டாகப் பிளந்து, கூர்மையான துண்டுகளாகப் பறக்கும் வாய்ப்பு அதிகம்.

சிதறும் மட்டைகள் குறித்த ஆய்வு

2008ஆம் ஆண்டில் உடைந்த மட்டைத் துண்டுகள் பயிற்சியாளர்களையும் பார்வையாளர்களையும் தாக்கிய நிகழ்வுகள் கவலையை ஏற்படுத்தின. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் உள்ள அமெரிக்க வேளாண்மைத் துறையின் வனப்பொருள் ஆய்வகத்துடன் இணைந்து மேஜர் லீக் நிர்வாகம் ஓர் ஆய்வை மேற்கொண்டது. அவ்வாண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை போட்டிகளில் உடைந்த 2,232 மட்டைகள் ஆராயப்பட்டன. அவற்றுள் 750க்கும் மேற்பட்டவை பல துண்டுகளாகப் பிரிந்தவை. ஆஷ் மட்டைகளைவிட மேப்பிள் மட்டைகள் துண்டுகளாகப் பிரியும் வாய்ப்பு மூன்று மடங்கு எனத் தெரியவந்தது.

சிதறலுக்கு முதன்மைக் காரணம் மரத்தின் இழையோட்டச் சாய்வு ஆகும். மரம் இழைகளின் நீளவாக்கில் மிக வலிமையானது, குறுக்குவாக்கில் நலிந்தது. இழைகள் மட்டையின் நீள அச்சுக்கு இணையாக இல்லாமல் சாய்ந்திருந்தால், விரிசல் அச்சாய்வின் வழியே ஓடி மட்டையை எளிதில் பிளந்துவிடும். ஆஷ் மரத்தில் இழையோட்டம் கண்ணுக்குத் தெரியும். மேப்பிளில் அதைக் காண்பது கடினம்.

இதற்கு ஓர் எளிய சோதனை நடைமுறைக்கு வந்தது. மட்டையின் கைப்பிடிப் பகுதியில் ஒரு மைத்துளி இடப்படுகிறது. மை சைலக்குழாய்களின் வழியே பரவி, இழைகள் செல்லும் திசையைக் கோடாகக் காட்டுகிறது. சாய்வு 3 பாகைக்குள் இருந்தால் மட்டுமே மட்டை ஏற்கப்படும். மேலும், மேப்பிள் மட்டைகளில் தயாரிப்பாளரின் முத்திரை 90 பாகை தள்ளிப் பதிக்கப்பட்டது. வீரர்கள் முத்திரையைப் பார்த்தே மட்டையைப் பிடிப்பதால், பந்து படும் பக்கமும் இதனால் மாறியது. அப்பக்கத்தில் அடிபடும்போது மேப்பிள் கூடுதலாகத் தாங்கும். இந்த மாற்றங்களுக்குப் பின் பல துண்டுகளாகச் சிதறும் நிகழ்வுகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. புதிய பொருள் எதுவும் சேர்க்காமல், பழைய பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததாலேயே இந்த முன்னேற்றம் கிடைத்தது.

ஆயினும் ஆபத்து முற்றிலும் நீங்கவில்லை. 2010 செப்டம்பரில் சிகாகோ கப்ஸ் அணியின் டைலர் கால்வின், மூன்றாம் தளத்திலிருந்து ஓடி வரும்போது சக வீரரின் மேப்பிள் மட்டையிலிருந்து பறந்த துண்டு அவர் மார்பில் குத்தியது. அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்பருவத்தின் எஞ்சிய போட்டிகளில் அவரால் ஆட முடியவில்லை.

ஆஷ் மரங்களைத் தாக்கும் வண்டு

மரத்திற்கு மாற்றுப் பொருள் தேடுவதற்குச் சுற்றுச்சூழல் காரணமும் உண்டு. கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்ட, பளபளக்கும் பச்சை நிறமுடைய ஒரு வண்டு 2002ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்டது. இதன் புழுக்கள் ஆஷ் மரப்பட்டையின் அடியில் உள்ள திசுவைக் குடைந்து உண்கின்றன. இதனால் உணவு கடத்தப்படுவது தடைப்பட்டு, சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகிறது. வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் இதற்குப் பலியாகியுள்ளன. ஆஷ் மட்டைகள் அருகிப்போனதற்கு மேப்பிளின் புகழுடன் இவ்வண்டும் ஒரு காரணமாகும். ஆஷின் வளையும் தன்மையும் மேப்பிளின் கடினத்தன்மையும் ஓரளவு கலந்த மஞ்சள் பிர்ச் மரமும் இப்போது பயன்படுத்தப்படுகிறது.

அலுமினிய மட்டைகள்

உலோக மட்டைக்கான காப்புரிமை 1924ஆம் ஆண்டிலேயே பெறப்பட்டது. ஆயினும் 1970களில்தான் அலுமினிய மட்டைகள் பரவலான பயன்பாட்டுக்கு வந்தன. சிறுவர்களுக்கான லிட்டில் லீக் 1971இலும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1974இலும் அவற்றை ஏற்றுக்கொண்டன. இதற்கு முதல் காரணம் செலவு. ஒரு பருவத்தில் பல மர மட்டைகள் உடையும் நிலையில், ஓர் அலுமினிய மட்டை பல மாதங்கள் உழைத்தது. நிதி வசதி குறைந்த பள்ளிகளுக்கு இது பெரும் உதவியாக இருந்தது.

அலுமினியத்தின் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 2.7 கிராம். இது மேப்பிள் மரத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. எனவே அலுமினிய மட்டை உள்ளீடற்ற குழாயாகவே செய்யப்படுகிறது. துத்தநாகம், மக்னீசியம், தாமிரம் ஆகியவை சேர்ந்த, வானூர்தித் துறையில் பழகிய கலப்புலோகங்கள் இதற்குப் பயன்படுகின்றன. குழாய் இழுத்து வடிவமைக்கப்பட்டு, பின்னர் வெப்பப் பதப்படுத்தலால் உறுதியாக்கப்படுகிறது. 1990களில் ஸ்காண்டியம் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்பட்டது. அது உலோகத்தின் படிகத் துகள்களை நுண்ணியதாக்கி வலிமையைக் கூட்டியது. தைட்டானிய மட்டைகளும் அப்பத்தாண்டின் தொடக்கத்தில் வெளிவந்தன. அவற்றின் செயல்திறன் மிக அதிகமாக இருந்ததால் விரைவில் தடைசெய்யப்பட்டன.

துள்ளுமேடை விளைவு

உள்ளீடற்ற மட்டை உடையாமல் இருப்பதுடன் பந்தையும் வேகமாக அனுப்புகிறது. இதற்குக் காரணம் துள்ளுமேடை விளைவு எனப்படுகிறது. மர மட்டையில் பந்து மட்டுமே பெரிதும் நசுங்குகிறது, ஆற்றல் பந்துக்குள்ளேயே வீணாகிறது. மெல்லிய உலோகச் சுவர் கொண்ட மட்டையில் சுவரும் சற்று உள்வாங்கி, சுருள்வில் போல ஆற்றலைச் சேமித்து, பந்துக்குத் திருப்பித் தருகிறது. உலோகத்தில் வீணாகும் ஆற்றல் மிகக் குறைவு. சுவர் வளையும் அளவுக்குப் பந்து நசுங்குவதும் குறைகிறது.

உலோக மட்டைக்கே உரிய "கிண்" என்ற ஒலியும் இச்சுவரின் அதிர்விலிருந்து பிறப்பதே. வலிமையான கலப்புலோகம் கிடைத்தால் சுவரை இன்னும் மெலிதாக்கலாம். சுவர் மெலிந்தால் துள்ளுமேடை விளைவு கூடும். இவ்வாறு, மட்டை உடையாமல் இருப்பதற்காகத் தேடப்பட்ட வலிமை, பந்தின் வேகத்தைக் கூட்டும் வழியாக மாறியது. மேலும், உள்ளீடற்ற மட்டையின் நிறை கைப்பிடியை நோக்கி அமைவதால் அதன் நிலைமத் திருப்புத்திறன் குறைகிறது. வீரரால் அதை விரைவாகச் சுழற்ற முடிகிறது.

மர மட்டையின் உட்பகுதியைக் குடைந்து தக்கையை நிரப்பினாலும் துள்ளுமேடை விளைவு கிடைக்கும் என்று சிலர் நம்பினர். 2003ஆம் ஆண்டில் சாமி சோசாவின் மட்டை உடைந்தபோது உள்ளே தக்கை இருந்தது தெரிந்து, அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஆனால் ஆய்வகச் சோதனைகளில் அவ்வாறான மட்டைகள் பந்தின் துள்ளலைக் கூட்டவில்லை. மரச் சுவர் மிகத் தடிமனாக, விறைப்பாக இருப்பதே காரணம்.

கூட்டுப்பொருள் மட்டைகள்

கார்பன் இழைகளையும் கண்ணாடி இழைகளையும் பிசினில் பதித்துச் செய்யப்படும் கூட்டுப்பொருள், மட்டை வடிவமைப்பாளருக்குக் கூடுதல் சுதந்திரம் தருகிறது. உலோகத்தின் விறைப்பு எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ ஒன்றே. கூட்டுப்பொருளில் ஒவ்வோர் அடுக்கின் இழைகளையும் வேண்டிய கோணத்தில் அமைக்கலாம். கைப்பிடியை வளையக்கூடியதாகவும் அடிக்கும் பகுதியைத் தாங்கக்கூடியதாகவும் தனித்தனியே வடிவமைக்கலாம். கையை உறுத்தும் அதிர்வுகளைத் தணிப்பதும் இதில் எளிது.

ஆனால் இப்பொருளுக்கு வியப்பான ஓர் இயல்பு உண்டு. பயன்படுத்தப் பயன்படுத்த அடுக்குகளுக்கிடையே நுண்விரிசல்கள் தோன்றி, சுவர் மென்மையாகிறது. உடையும் நிலைக்கு முன்பு வரை துள்ளுமேடை விளைவு அதிகரிக்கிறது. சோதனையில் விதிக்கு உட்பட்டிருந்த புதிய மட்டை, சில நூறு அடிகளுக்குப் பின் வரம்பை மீறக்கூடும். சிலர் மட்டையை உருளைகளுக்கிடையே அழுத்தி இம்மாற்றத்தை வேண்டுமென்றே விரைவுபடுத்தினர். இதனால் கல்லூரிப் போட்டிகளில் 2009இலும், லிட்டில் லீக்கில் 2010 இறுதியிலும் கூட்டுப்பொருள் மட்டைகளுக்குத் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. பின்னர், மட்டையைச் செயற்கையாகத் தேய்வுக்கு உட்படுத்தி மீண்டும் மீண்டும் அளக்கும் சோதனை கட்டாயமானது.

பாதுகாப்பும் கட்டுப்பாடுகளும்

எறிவாளர் பந்தை எறிந்து முடிக்கும்போது மட்டையாளரிடமிருந்து சுமார் 55 அடி தொலைவில் இருப்பார். மணிக்கு 100 மைல் வேகத்தில் திரும்பி வரும் பந்து இத்தொலைவை ஏறத்தாழ 0.4 நொடியில் கடந்துவிடும். அவர் பந்தைக் கண்டு, உணர்ந்து, கையை உயர்த்த இவ்வளவு நேரமே உள்ளது. பந்தின் வேகம் சிறிது கூடினாலும் தற்காத்துக்கொள்ளும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். அமெரிக்காவில் இளம் எறிவாளர்கள் தலையில் பந்து தாக்கி உயிரிழந்த நிகழ்வுகளுக்குப் பின், உலோக மட்டைகள் குறித்த விவாதம் நீதிமன்றங்களையும் சட்டமன்றங்களையும் எட்டியது. 2007ஆம் ஆண்டில் நியூயார்க் நகர மன்றம் உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளில் உலோக மட்டைகளைத் தடைசெய்தது.

ஆட்டத்தின் சமநிலையும் பாதிக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் கல்லூரி உலகத் தொடர் இறுதிப் போட்டி 21–14 என்ற கணக்கில் முடிந்தது. பின்னர் மட்டையின் விட்டத்துக்கும் எடைக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. 2011இல் கல்லூரிகளிலும் 2012இல் உயர்நிலைப் பள்ளிகளிலும் "பிபிகார்" என்ற அளவுகோல் நடைமுறைக்கு வந்தது. இது மட்டையும் பந்தும் மோதும்போதான மீட்சியளிப்புக் குணகத்தை அளக்கிறது. இதன் உச்ச வரம்பு 0.50 ஆகும். நல்ல மர மட்டையின் அளவும் ஏறத்தாழ இதுவே. இதன்பின் கல்லூரிப் போட்டிகளில் ஹோம் ரன்களின் எண்ணிக்கை பெருமளவு சரிந்தது. சிறுவர் போட்டிகளுக்கு, மரத்தை ஒத்த செயல்திறனை வற்புறுத்தும் தனி அளவுகோல் 2018இல் நடைமுறைக்கு வந்தது.

இக்கட்டுப்பாடு பொறியாளர்களின் இலக்கையே மாற்றியது. இன்றைய உலோக, கூட்டுப்பொருள் மட்டைகள் மரத்தைப் போல அடிக்க வேண்டும், ஆனால் மரத்தைப் போல உடையக்கூடாது.

ஜப்பானின் அனுபவம்

ஜப்பானில் அஓதாமோ என்னும் ஆஷ் இன மரம் மட்டைக்குப் புகழ்பெற்றது. இது மட்டை செய்யும் அளவுக்கு வளர எழுபது, எண்பது ஆண்டுகள் ஆகும். வெட்டிய அளவுக்கு நடப்படாததால் நல்ல மரங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. மரக்கன்றுகளை நட்டு வளர்க்கும் இயக்கங்கள் தோன்றியுள்ளன. உடைந்த மட்டைகளிலிருந்து உணவுக் குச்சிகள் செய்து விற்கும் வழக்கமும் அங்கு உண்டு.

ஜப்பானிய உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் 1974 முதல் உலோக மட்டைகள் அனுமதிக்கப்பட்டுள்ளன. 2024 வசந்த காலம் முதல் அங்கு புதிய விதி நடைமுறையில் உள்ளது. அதன்படி மட்டையின் உச்ச விட்டம் 67 மில்லிமீட்டரிலிருந்து 64 மில்லிமீட்டராகக் குறைக்கப்பட்டது. சுவரின் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டராகக் கூட்டப்பட்டது. சுவர் தடித்ததால் துள்ளுமேடை விளைவு குறைந்து, பந்தின் வேகமும் குறைந்தது.

அண்மைய போக்குகள்

மூங்கிலைப் பட்டைகளாகப் பிளந்து, ஒட்டி, அழுத்திச் செய்யப்படும் மட்டைகள் பயிற்சிக்குப் பயன்படுகின்றன. மர உறையின் உள்ளே கூட்டுப்பொருளை வைத்த கலப்பு மட்டைகளும் உள்ளன. ஒரே துண்டு மரம் என்ற விதியால் இவற்றுக்கு மேஜர் லீக்கில் இடமில்லை.

விதி பொருளை மாற்ற விடாத நிலையில், வடிவத்தை மாற்றும் முயற்சிகள் நடக்கின்றன. 2025 மார்ச்சில் நியூயார்க் யாங்கீஸ் அணி ஒரே ஆட்டத்தில் 9 ஹோம் ரன்களை அடித்தபோது, அதன் வீரர்கள் சிலர் பயன்படுத்திய "டார்பிடோ" மட்டை பேசுபொருளானது. இயற்பியலாளர் ஆரன் லீன்ஹார்ட் இதை உருவாக்குவதில் முதன்மைப் பங்காற்றினார். இதில் மரத்தின் தடித்த பகுதி, வீரர் வழக்கமாகப் பந்தைச் சந்திக்கும் இடத்துக்கு நகர்த்தப்பட்டு, முனை மெலிந்திருக்கும். விட்டமும் நீளமும் வரம்புக்குள் இருப்பதால் இது விதிக்கு உட்பட்டதே.

பந்தை இன்னும் வேகமாக அனுப்பும் மட்டையைச் செய்யும் தொழில்நுட்பம் ஏற்கெனவே உள்ளது. எவ்வளவு வேகம் போதும் என்பதை முடிவு செய்வது எறிவாளரின் பாதுகாப்பும் ஆட்டத்தின் சமநிலையுமே. நீண்டகாலம் உழைப்பது, உடையும்போதும் சிதறாதிருப்பது, அரிய மரங்களை அழிக்காதிருப்பது ஆகியவையே மட்டைப் பொருட்களின் ஆய்வுக்கு இன்று எஞ்சியுள்ள தேவைகளாகும்.